தோல்விக்குப் பொறுப்பாளி யார்?

ஓர் அணி தோற்றுவிட்டால் அதன் அன்பர்கள் முதலில் தேடுவது தலைமைப் பயிற்சியாளரைத்தான். பந்தைத் தவறவிட்டவர் வேறொருவராக இருக்கலாம். எதிரணி அன்று மிகச் சிறப்பாக ஆடியும் இருக்கலாம். ஆயினும், அரங்கின் மேற்பகுதியில் கண்ணாடி அறைக்குள் கைகட்டி அமர்ந்திருக்கும் அந்த ஒரு மனிதர்மேல்தான் எல்லாருடைய சினமும் போய் விழுகிறது. இந்தச் சினம் எதனால் உண்டாகிறது, இதில் நியாயம் எவ்வளவு, அநியாயம் எவ்வளவு என்பதைப் பற்றி இன்று மாணவ நண்பர்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

நான் விளையாட்டு வீரன் அல்லேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியாசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சில ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரின் மேற்குப் பகுதியில் வாழும் என் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தேன். அங்கே அடுத்த வீட்டுக்காரர் எனக்கு நண்பரானார். அவரும் என்னைப் போல் ஓய்வு பெற்றவர், பேரப்பிள்ளை கண்டவர். ரக்பி லீக் என்னும் பந்தாட்டத்தில் அவருக்கு அளவிறந்த பற்று. அவர் நேசித்த அணியின் பெயரும், அன்று அதற்குப் பயிற்சியாளராக இருந்தவரின் பெயரும் இங்கே வேண்டியதில்லை. அவருடைய மனக்குறைதான் நமக்குப் பாடம்.

முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள் சொல்லிவிடுகிறேன். ரக்பி லீக்கில் ஓர் அணிக்குப் பதின்மூன்று பேர். ஆட்டம் எண்பது நிமிடம். முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் தரையில் பதித்தால் நான்கு புள்ளிகள். இதற்கு ட்ரை என்று பெயர். பந்தைக் கையால் முன்னோக்கி எறிதல் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் எறிய வேண்டும். பந்தோடு ஓடுபவரை எதிரணியினர் மடக்கிப் பிடிப்பார்கள். பிடிபட்டவர் எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டி ஆட்டத்தைத் தொடர்வார். இவ்வாறு ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஆகவே ஐந்தாம் முறைக்குப்பின் பெரும்பாலும் பந்தை உதைத்துத் தொலைவுக்கு அனுப்பிவிடுவார்கள். காத்திருப்போர் வரிசையிலிருந்து சிலரை உள்ளே அனுப்பிக் களைத்தவரை வெளியே அழைக்கலாம்; ஆனால் அந்த மாற்றங்களுக்கும் ஒரு வரம்பு உண்டு. யாரை, எப்போது மாற்றுவது என்பதே ஆட்டம் தொடங்கியபின் பயிற்சியாளர் கையில் எஞ்சியிருக்கும் முக்கியமான அதிகாரம்.

இந்த ஆட்டம் பிறந்த வரலாற்றை அறிந்தால்தான் அன்பர்களின் சினம் நமக்கு விளங்கும். இங்கிலாந்தின் வடபகுதியில், லங்காஷயர், யார்க்ஷயர் மாவட்டங்களில், நூலாலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் உழைத்த தொழிலாளர் பலர் ரக்பி ஆடினர். ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்தால் அந்நேரக் கூலி போய்விடும். அந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று வடபகுதிச் சங்கங்கள் கேட்டன. தலைமைச் சங்கம் இணங்கவில்லை. 1895 ஆகஸ்டு 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் ஜார்ஜ் விடுதியில் அச்சங்கங்கள் கூடித் தனியே பிரிந்தன. அந்தப் பிரிவினையிலிருந்து வளர்ந்ததே ரக்பி லீக். 1908இல் சிட்னி நகரிலும் இதற்கெனத் தனிப் போட்டி தொடங்கியது. அதில் சேர்ந்த அணிகளுள் பெரும்பாலானவை நகரத்தின் பகுதிகளின் பெயர்களைத் தாங்கின. ஆலைத் தொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும் தம் தெருவுக்குப் பக்கத்துத் திடலில் தம் பகுதியின் அணி ஆடக் கண்டனர். தந்தை பார்த்த அணியை மகன் பார்த்தான். அவன் மகனும் பார்த்தான். அணியின்மேல் உள்ள பற்று வீட்டுச் சொத்தைப்போல் கைமாறி வந்தது.

இப்பற்றின் வலிமைக்கு ஒரு சான்று கூறுகிறேன். 1908இல் முதற் பட்டத்தை வென்ற சவுத் சிட்னி அணி, போட்டியில் அணிகளின் எண்ணிக்கையைக் குறைத்தபோது, 1999ஆம் ஆண்டின் முடிவில் நீக்கப்பட்டது. அன்பர்கள் வாளாவிருக்கவில்லை. ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கி ஊர்வலம் சென்றனர், வழக்கும் நடந்தது. 2002இல் அணி மீண்டும் போட்டியில் இடம்பெற்றது. 1971க்குப்பின் நாற்பத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்து, 2014இல் அது பட்டம் வென்றது. அன்பர்கள் விடாப்பிடியாக நின்றிராவிட்டால் அந்த வெற்றியைக் காண அணியே இருந்திராது. ஆதலின், அன்பருக்கு அணியின்மேல் ஓர் உரிமை உண்டு என்பதை யாரும் மறுக்க இயலாது. உரிமை உள்ள இடத்தில் மனக்குறையும் இருக்கத்தான் செய்யும்.

என் நண்பரும் ஆறு வயதில் தம் தந்தையின் தோள்மேல் அமர்ந்து ஆட்டம் பார்த்தவர். ஒரு நாள் மாலை என்னையும் திடலுக்கு அழைத்துச் சென்றார். பன்னிரண்டு வயதுப் பேரனும் உடன் வந்தான். குளிர்காலம், நான் இரண்டு கம்பளிச் சட்டை அணிந்திருந்தேன். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் நண்பரின் அணி பதினாறுக்குப் பன்னிரண்டு என்று முன்னணியில் இருந்தது. அப்போது பயிற்சியாளர், கட்டுமஸ்தான முன்னணி வீரர் ஒருவரை வெளியே அழைத்துக்கொண்டார். நண்பர் தலையசைத்து, "நல்லது, அவர் களைத்துவிட்டார்" என்றார். அதை என் காதால் கேட்டேன். நான்கு நிமிடம் கழித்து எதிரணியினர் சரியாக அந்த வீரர் நின்ற பக்கத்தில் புகுந்து ட்ரை அடித்தார்கள். தொடர்ந்து இன்னொன்றும் அடித்தார்கள். நண்பர் எழுந்து நின்று, "அவரை ஏன் எடுத்தாய்? உனக்கு ஆட்டம் தெரியுமா?" என்று கண்ணாடி அறையை நோக்கிக் கூவினார். தாம் சற்று முன்பு சொன்னது அவருக்கு நினைவில்லை. நானும் அப்போது நினைவூட்டவில்லை. தோற்ற வீட்டில் கணக்குக் கேட்பது நாகரிகம் அன்று.

அடுத்த வாரம் வேறொன்று நடந்தது. பேரன் தன் வட்டாரச் சிறுவர் அணியில் ஆடுகிறவன். அன்று காலை அவன் அணி தோற்றது. அவனே இருமுறை பந்தை நழுவவிட்டிருந்தான். வீட்டுக்கு வந்ததும் பையைத் தரையில் எறிந்து, "எல்லாம் பயிற்சியாளரால்தான். அவருக்கு ஆட்டம் தெரியுமா?" என்றான். சொல்லும் தொனியும் பாட்டனாருடையவை. அந்தப் பயிற்சியாளரோ ஊதியம் வாங்காமல், விடுமுறை நாளில் வந்து பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் அண்டை வீட்டு இளைஞர். நண்பர் முகம் வாடியது. அன்று மாலை வேலியருகே நின்று, "இதை அவனுக்குக் கற்பித்தவன் நான்தானே?" என்று என்னிடம் கேட்டார்.

நான் அவருக்கு அறிவுரை கூறவில்லை; என் கதையைச் சொன்னேன். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் ஓராண்டு பத்தாம் வகுப்புத் தேர்ச்சி மிகவும் குறைந்துவிட்டது. பெற்றோர் சிலர் வாயிற்கதவருகே நின்று, என்னை மாற்றவேண்டும் என்றார்கள். கணக்காசிரியர் மாற்றலாகிப் போய் ஐந்து மாதம் ஆகியும் அவ்விடத்துக்கு ஆள் வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. உலகமே எனக்கு அநியாயம் செய்வதாக எண்ணினேன். பிறகு வேறொரு நினைவு வந்தது. இரண்டாண்டுக்கு முன் தேர்ச்சி உயர்ந்தபோது அதே பெற்றோர் எனக்கு மாலை அணிவித்தார்கள். அந்த உயர்வுக்குக் காரணம் அதே கணக்காசிரியர்தான். மாலையை மறுக்காமல் கழுத்தில் வாங்கிக்கொண்டவன், பழியை மட்டும் மறுப்பது எங்ஙனம்? தலைமை என்பதே தனக்கு உரியதைவிட மிகுதியாகப் புகழும் பழியும் வந்து சேரும் இடம். இதை அறிந்துதான் ஒருவர் அந்நாற்காலியில் அமர வேண்டும். அதே சமயம், நாற்காலிக்கு எதிரே நிற்பவர்களும் இதை அறிந்திருக்க வேண்டும் அன்றோ?

ரக்பி லீக் வரலாற்றிலேயே இதற்குத் தக்க எடுத்துக்காட்டுகள் உள்ளன. சிட்னியின் மேற்கெல்லையில் உள்ள பென்ரித் நகரத்து அணிக்கு 2012 முதல் ஐவன் கிளியரி பயிற்சியாளராக இருந்தார். 2015இல் அணி பின்தங்கியது. அந்த ஆண்டின் முடிவில் அவர் நீக்கப்பட்டார். சில ஆண்டுகள் சென்றபின் அதே சங்கம் அவரை மீண்டும் அழைத்தது. 2019இல் திரும்பிவந்த முதலாண்டிலும் அணி பத்தாம் இடத்தில்தான் நின்றது. அன்றே பொறுமையிழந்து அவரை அனுப்பியிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். 2020இல் அணி இறுதி ஆட்டம் வரை சென்று தோற்றது. பின்னர் 2021, 2022, 2023, 2024 என்று தொடர்ந்து நான்கு பட்டங்களை வென்றது. நீக்கப்பட்டவரும் வென்றவரும் ஒரே மனிதர்.

வெஸ்ட்ஸ் டைகர்ஸ் அணியின் வரலாறு இன்னும் சிந்திக்கத் தக்கது. 1908 முதல் ஆடிவந்த பால்மெய்ன், வெஸ்டர்ன் சபர்ப்ஸ் என்னும் இரு பழைய சங்கங்கள் இணைந்து உருவானது இவ்வணி. டிம் ஷீன்ஸ் என்பவரின் பயிற்சியில் 2005இல் பட்டம் வென்றது. 2011க்குப்பின் 2025 வரை ஓராண்டேனும் இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறவில்லை. ஷீன்ஸ் 2012இன் முடிவில் விலக்கப்பட்டார். அதன்பின் 2024க்குள், இடைக்காலத்துக்கு மட்டும் வந்தவர்களை விட்டுவிட்டு எண்ணினாலும், ஆறு முறை தலைமைப் பயிற்சியாளர் பதவி கைமாறியது. அவற்றுள் ஒருமுறை ஷீன்ஸே திரும்பிவந்தார். ஆறு முறை மாற்றியும் என்ன கண்டார்கள்? 2022, 2023, 2024 ஆகிய மூன்றாண்டும் அணி பட்டியலின் கடைசி இடத்தில் நின்றது.

அந்த அறுவருள் ஒருவர் மைக்கேல் மகுவயர். சவுத் சிட்னி அணி 2014இல் பட்டம் வென்றபோது பயிற்சியாளராக இருந்தவர் இவரே. 2019இல் டைகர்ஸ் அணிக்கு வந்தார். 2022 ஜூன் மாதத்தில் நீக்கப்பட்டார். 2025இல் பிரிஸ்பேன் அணியின் பொறுப்பை ஏற்ற முதலாண்டிலேயே அவ்வணி மெல்போர்ன் அணியை 26க்கு 22 என்று வென்று பட்டம் பெற்றது. முந்திய ஆண்டு இறுதிச் சுற்றுகளுக்கே தகுதி பெறாத அணி அது. இந்நிகழ்ச்சி இருபுறமும் பேசுகிறது. ஓரிடத்தில் தோற்றவரை ஆட்டம் தெரியாதவர் என்று முடிவு கட்டுதல் தவறு. அதே வேளையில், பிரிஸ்பேன் சங்கம் பழைய பயிற்சியாளரை மாற்றியதால்தானே புதியவர் வந்தார்? ஆகையால், மாற்றமே கூடாது என்று வாதிப்பதும் சரியன்று.

பயிற்சியாளர் கையில் இல்லாதவை பல. ஆட்டக்காரருக்குத் தரும் ஊதியத்தின் மொத்தத் தொகைக்கு அங்கே ஒரு வரம்பு உண்டு. எல்லா நல்ல வீரர்களையும் ஒரே அணி வாங்கிக் குவிக்காதிருக்க வகுத்த விதி இது. மெல்போர்ன் அணி இவ்விதியை மீறியதால், 2007, 2009 ஆகிய ஆண்டுகளில் வென்ற பட்டங்களை 2010இல் இழந்தது. பல ஆண்டு ஒப்பந்தத்தில் வந்த வீரர்களைப் புதிய பயிற்சியாளர் நினைத்தவுடன் மாற்ற இயலாது. முன்னவர் விதைத்ததையே பின்னவர் அறுவடை செய்கிறார். பின்னவர் விதைப்பது விளையுமுன் அவரையும் அனுப்பிவிடுகிறார்கள். சிறுவர் அணிகளைப் பேணி வளர்ப்பதும், அடிபட்ட வீரர்களைக் குணப்படுத்துவதும், சங்க நிர்வாகிகள் ஒற்றுமையாக இருப்பதும் எண்பது நிமிட ஆட்டத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் அவற்றின் பயன் புள்ளிப்பலகையில் வந்து நிற்கிறது.

அப்படியானால் அன்பர்கள் வாய்மூடி இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. தலைவரைக் குறை சொல்லக் கூடாது என்பது அடிமைப் புத்தி; அதை நான் மாணவர்களுக்குக் கற்பிக்க மாட்டேன். குறையை எப்படிக் காண்பது என்பதையே கற்க வேண்டும். நண்பரிடம் நான் ஒரு குறிப்பேடு வாங்கிக் கொடுத்தேன். ஆட்டத்தின்போது பயிற்சியாளர் ஒரு முடிவை எடுத்ததும், அதன் பயன் தெரியுமுன், "சரி" அல்லது "தவறு" என்று நேரத்தோடு குறிக்க வேண்டும். பின்னர் அதைத் திருத்தக் கூடாது. இதுதான் எங்கள் ஒப்பந்தம். பேரனையே கணக்கராக அமர்த்தினோம்.

சில வாரங்கள் இப்படியே சென்றன. ஆட்டம் முடிந்தபின் நண்பர் வைத வசைகளில் பல, அவரே "சரி" என்று குறித்த முடிவுகளைப் பற்றியவையாக இருந்தன. நல்ல முடிவும் சில வேளை தீய பயனைத் தரும். தீய முடிவும் சில வேளை நற்பயனைத் தரும். மழை வராது என்று நல்ல அறிகுறிகளைக் கண்டு நெல்லைக் களத்தில் உலர்த்திய உழவனை, எதிர்பாராத மழை வந்ததற்காக அறிவிலி என்று சொல்லலாமா?

ஆனால் ஒரு குறை மட்டும் வாரந்தோறும் ஏட்டில் இடம்பெற்றது. ஹூக்கர் என்பவர், உருட்டிவிடப்படும் பந்தை எடுத்து ஒவ்வொரு முறையும் ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவர். பந்து தொட்ட வேலையெல்லாம் அவருக்கு. பயிற்சியாளர் அவரை ஏறக்குறைய முழு ஆட்டமும் நிறுத்தி வைத்தார். காத்திருந்த இளைஞரை மிகவும் பிந்தியே அனுப்பினார். கடைசிக் கால்மணி நேரத்தில் அணி மெதுவாகிவிடும். எதிரணி புள்ளிகளைக் குவிக்கும். நண்பர் இதனைப் பயன் தெரியுமுன்பே "தவறு" என்று குறித்திருந்தார், ஒருமுறையன்று, பலமுறை. மாற்றுவதோ முழுக்கப் பயிற்சியாளர் கையில் இருந்தது. ஆகவே இது நியாயமான குறை.

நண்பர் ஒரு பக்கத்தில் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். அதில் வசைச் சொல் ஒன்றும் இல்லை. நாள், நேரம், நடந்தது, தாம் கருதும் மாற்றம் ஆகிய நான்கும் இருந்தன. கடிதம் கிடைத்தது என்று மரியாதையாக ஒரு வரியில் பதில் வந்தது. அவ்வளவே. அணியின் வழக்கம் மாறவில்லை, தோல்விகளும் குறையவில்லை. அந்த ஆண்டின் முடிவில் பயிற்சியாளரை அனுப்பிவிட்டார்கள். நானும் ஊர் திரும்பிவிட்டேன்.

அடுத்த ஆண்டு நண்பர் தொலைபேசியில் பேசினார். "புதியவர் வந்திருக்கிறார், அதே ஹூக்கர்தான் கடைசிவரை நிற்கிறார். போன ஆண்டுக் கடிதத்தில் நாளை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தாலும் அவர் குரலில் வருத்தம் இருந்தது. பேரன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். அவனும் ஓர் ஏடு வைத்திருக்கிறானாம். அதன் முதற்பக்கத்தில், தான் பந்தை நழுவவிட்ட நாள்களைக் குறித்திருக்கிறானாம். பயிற்சியாளருக்கு இரண்டாம் பக்கம்.

மாணவ நண்பர்களே! நாளை நீங்களும் பல தலைவர்களின்கீழ் வேலை செய்வீர்கள். உங்களுள் சிலர் தலைவர்களாகவும் ஆவீர்கள். ஒருவரைக் குறை சொல்லத் தோன்றும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். முடிவு எடுத்த நேரத்தில் அவருக்குத் தெரிந்திருந்தது என்ன? அக்குறை ஒருமுறை நேர்ந்ததா, தொடர்ந்து வருகிறதா? அதை மாற்றும் ஆற்றல் உண்மையில் அவர் கையில் இருந்ததா? இம்மூன்றுக்கும் விடை கண்டபின் எஞ்சுகின்ற குறையைத் தயங்காமல் சொல்லுங்கள், பெயரொப்பமிட்டுச் சொல்லுங்கள். கேட்பார் இல்லாவிடினும் மறுபடியும் சொல்லுங்கள். ஆனால் ஏட்டின் முதற்பக்கத்தை அச்சிறுவனைப்போல் உங்களுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.